பன்னிரண்டு நிமிடம்

கொலோன் நகரத்து ஓரம்.
விமானங்கள் இறங்கும் இரைச்சலுக்குக் கீழே
சன்னல் இல்லாத ஓர் அறை.
அறுபது நாள் படுத்திருந்தால் சம்பளம்.
தலை தாழ, கால் உயர,
ஆறு டிகிரி சரிவு.
தலையணை கிடையாது.
ஒரு தோளாவது மெத்தையில் பட்டபடிதான்
தின்னவேண்டும், குளிக்கவேண்டும்,
மற்றதும்.

விண்ணில் மிதக்கப்போகும் உடம்புக்கு என்ன ஆகும் என்று
மண்ணில் கிடக்கும் உடம்பைக் கேட்கிறார்கள்.
மூன்றாம் நாள் என் முகம்
யாரோ ஊதிக் கட்டிவிட்ட முகம்.
கெண்டைக்கால் சதை
சொல்லாமல் கொள்ளாமல்
கழன்றுகொண்டிருந்தது.

நான் ட்ராம் ஓட்டுகிறவள்.
வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அதற்காக வந்தேன்.
பக்கத்துக் கட்டில் கேரெயோன்
மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கிறவன்.
செவ்வாய்க்காக வந்தான்.

மனிதன் போகாத இடம் வெறும் புகைப்படம், என்பான்.
எந்திரம் போகட்டும், அதற்கு மூச்சு முட்டாது, என்பேன்.
திரைக்கு அப்பாலிருந்து ஒட்டிலி:
முதலில் நிலா. மூன்று நாள் தூரம்.
கை ஒடிந்தால் கட்டுப்போடத் திரும்பிவிடலாம்.
முதல் படியை விட்டுவிட்டா மாடி ஏறுவாய்?
நீங்கள் படியிலேயே குடித்தனம் நடத்துவீர்கள், என்றான் அவன்.

நீ தலைகீழாக நின்றாலும், என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டேன்.
ஏறக்குறைய அப்படித்தானே கிடந்தோம்.
சிரித்த சிரிப்பில்
ரத்த அழுத்தக் கருவி மூன்றும் அலறின.

பத்தொன்பதாம் நாள் அவன் ஒரு விளையாட்டு சொன்னான்:
நான் செவ்வாயில், நீ பூமியில்.
சொல் போய்ச்சேரப் பன்னிரண்டு நிமிடம்,
பதில் வரப் பன்னிரண்டு.
சுவர்க் கடிகாரம் சாட்சி.

நான் ஒரு சொல்லை எறிந்தேன்:
பூமியில் உனக்கு வாடகை பாக்கியா?
அது போய்க்கொண்டிருந்தது.
பாதி தூரம் போகுமுன்பே
சின்னத்தனமாகப் பட்டது எனக்கு.
திரும்பக் கூப்பிடவும் முடியாமல்,
போய்ச்சேரவும் இல்லாமல்,
என் வாய்ச்சொல் ஒன்று நடுவெளியில் தொங்குவதை
அன்றுதான் பார்த்தேன்.

இருபத்துநான்காம் நிமிடம் பதில் வந்தது.
ஆமாம். மூன்று மாதம்.

அதற்குப் பிறகு வாதம் குறையவில்லை,
வார்த்தை குறைந்தது.
செவ்வாய் வாய்திறக்கும்வரை காத்திருக்கும்போது
ஒட்டிலி கேரட் துண்டுகளை எண்ணித் தின்பாள்.
மிச்சம் வைக்கக் கூடாது, எடைபோட்ட சோறு.

முப்பத்தோராம் நாள் அவனுக்குத் தொலைபேசி.
தங்கை. சாலை விபத்து. ஆகென் மருத்துவமனை.
இங்கே யாரும் எப்போதும் எழுந்து போகலாம்,
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
போகிறாயா என்றேன்.
அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.
அடப் பாவி, விளையாட்டா இது, என்று கத்த வந்தேன்.
கத்தவில்லை.
இரவுச் செவிலி நுர்ஜான்
கட்டில் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள்.
பன்னிரண்டாம் நிமிடம்
நிமிர்த்துங்கள் என்றான்.
கால் தரையைத் தொட்டதும் கண் செருகியது.
சக்கர நாற்காலியில் போனான்,
செருப்பை விட்டுவிட்டு.

நான் அறுபதும் முடித்தேன்.
வேண்டாம் என்று வாதாடியவளின் எலும்புதான்
இப்போது அவர்கள் கணக்கில் செவ்வாய்வரை போகிறது.
பதினோரு அடி நடந்தேன், கைதட்டினார்கள்.
தரை இவ்வளவு கனமா?

கேரெயோனின் ரத்தம் என்ன ஆயிற்று, கேட்டேன்.
நடுவழியில் போனவர் கணக்கில் சேரமாட்டார், என்றாள் நுர்ஜான்.
திரும்புகிறவர்களைத்தானே முதலில் எண்ணவேண்டும், என்றேன்.
தங்கையின் பெயர் கேட்டவுடன்
மனுஷனுக்கு நாடி எப்படி ஓடியது,
அது எந்த எந்திரத்தில் இருக்கிறது?

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

கூரை மாற்றியாகிவிட்டது.
அவனுக்கு ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன்.
அனுப்பவில்லை.
இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது.